கார்பன் கிரெடிட் சந்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்பன் கிரெடிட் என்றால் என்ன?

ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு, அல்லது அதே அளவுக்குப் புவியைச் சூடாக்கக்கூடிய வேறொரு பசுங்குடில் வாயு, காற்றில் கலக்காமல் தடுக்கப்பட்டது அல்லது காற்றிலிருந்து நீக்கப்பட்டது என்பதற்கான சான்றே ஒரு கார்பன் கிரெடிட். அது கையில் பிடிக்கும் பத்திரம் அன்று. ஒரு மின்பதிவேட்டில் வரிசை எண்ணுடன் இருக்கும் பதிவு. அதை வாங்கலாம், விற்கலாம், பல கைகள் மாற்றலாம். ஆனால் ஒருவர் தம் உமிழ்வுக்கு ஈடாக அதைக் கணக்குக் காட்டிவிட்டால், பதிவேட்டிலிருந்து அதை நிரந்தரமாகக் கழித்துவிட வேண்டும். கழிக்கப்பட்ட எண் மறுபடி விற்பனைக்கு வரக் கூடாது.

இரும்போ பருத்தியோ விற்பவர் சரக்கைத் தராசில் வைத்துக் காட்டிவிட முடியும். கார்பன் கிரெடிட் விற்பவரோ, நடந்திருக்க வேண்டிய ஒன்று நடக்கவில்லை என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது: இந்தத் திட்டம் இல்லாவிட்டால் இத்தனை டன் வெளியேறியிருக்கும், திட்டத்தால் அது வெளியேறவில்லை என்று. நடக்காததை எந்தத் தராசும் நிறுக்காது. இந்தச் சந்தையைச் சுற்றி எழுந்துள்ள சர்ச்சைகள் பெரும்பாலும் இந்த ஓரிடத்திலிருந்தே கிளைத்தவை.

உமிழ்வு அனுமதியும் கார்பன் கிரெடிட்டும் ஒன்றுதானா?

இல்லை. செய்திகளில் இரண்டையும் 'கார்பன் சந்தை' என்ற ஒரே பெயரில் குறிப்பிடுவதால் குழப்பம் நேர்கிறது.

அனுமதி என்பது உச்சவரம்பு முறையைச் சேர்ந்தது. அரசு ஒன்று, குறிப்பிட்ட துறைகளின் ஆலைகள் அனைத்தும் சேர்ந்து ஓராண்டில் இத்தனை டன்னுக்கு மேல் உமிழக் கூடாது என்று வரம்பு கட்டி, அந்த அளவுக்கு மட்டும் அனுமதிகளை வெளியிடுகிறது. ஒவ்வோர் ஆலையும் தான் உமிழ்ந்த ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் அனுமதியை ஒப்படைக்க வேண்டும். குறைவாக உமிழ்ந்த ஆலை மிச்சத்தை விற்கும். கூடுதலாக உமிழ்ந்த ஆலை அதை வாங்கும். யாரிடமிருந்து யாருக்குக் கைமாறினாலும் மொத்த அளவு வரம்பைத் தாண்டாது. இங்கே காற்றைக் காப்பது வணிகம் அன்று, வரம்பு. குறைந்த செலவில் எந்த ஆலையால் குறைக்க முடியுமோ அந்த ஆலை முதலில் குறைக்கும்படி செய்வது மட்டுமே வணிகத்தின் பணி.

கிரெடிட் அந்த வரம்புக்கு வெளியே பிறக்கிறது. வரம்பே இல்லாத ஓரிடத்தில் காற்றாலை, மரநடவு, குப்பைமேட்டு மீத்தேனைப் பிடித்து எரிக்கும் அமைப்பு என ஏதேனும் ஒரு திட்டம் நடக்கிறது. அதனால் குறைந்ததாகக் கணக்கிடப்படும் உமிழ்வுக்குக் கிரெடிட் வழங்கப்படுகிறது. அதை வாங்கியவர் தம் இடத்தில் ஒரு டன் கூடுதலாக உமிழ்கிறார். அந்தக் குறைப்பு உண்மையானதாக இருந்தால் கணக்கு நேர். பொய்யாக இருந்தால் காற்றில் ஒரு டன் கூடிவிடுகிறது. ஆகவே கிரெடிட் தன்னளவில் உமிழ்வைக் குறைக்கும் கருவி அன்று, குறைக்கும் இடத்தை மாற்றும் கருவி என்று கொள்வதே சரி.

உச்சவரம்பு முறை உண்மையில் பயன் தந்திருக்கிறதா?

தந்திருக்கிறது, ஆனால் எடுத்த எடுப்பில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிக முறை 2005 ஜனவரியில் தொடங்கியது. முதல் கட்டத்தில் ஆலைகளின் தேவைக்கும் மேலாகவே அனுமதிகள் வாரி வழங்கப்பட்டன. விளைவாக 2007இல் விலை ஏறத்தாழச் சுழியத்துக்கு வீழ்ந்தது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் உற்பத்தி சுருங்கியதால் மறுபடியும் அனுமதிகள் தேங்கின. தேக்கத்தை உறிஞ்சும் கையிருப்பு முறை 2019இல் நடைமுறைக்கு வந்து, வரம்பும் ஆண்டுக்காண்டு இறுக்கப்பட்ட பிறகே விலைக்குப் பல் முளைத்தது. 2023 பிப்ரவரியில் ஒரு டன் 100 யூரோவைத் தொட்டது. அந்த ஆண்டில் மின்நிலையங்களும் தொழிற்சாலைகளும் வெளியிட்ட உமிழ்வு 2005 அளவைவிட ஏறத்தாழ 47 விழுக்காடு குறைந்திருந்தது. சூரிய, காற்றாலை மின்சாரம் மலிவானதற்கும் நிலக்கரி ஆலைகளை மூடிய அரசு முடிவுகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் முழுப் பெருமையையும் சந்தைக்கே தந்துவிட முடியாது.

சீனாவின் தேசிய உமிழ்வுச் சந்தை 2021 ஜூலையில் மின்துறையுடன் வணிகத்தைத் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் சந்தை 2013இல் நடைமுறைக்கு வந்து, அடுத்த ஆண்டே கனடாவின் கியூபெக் மாகாணச் சந்தையோடு இணைக்கப்பட்டது. உலக வங்கியின் 2024 அறிக்கைப்படி, கார்பன் வரிகளும் உமிழ்வுச் சந்தைகளுமாக 75 ஏற்பாடுகள் உலக உமிழ்வில் ஏறத்தாழ 24 விழுக்காட்டைத் தொடுகின்றன. 2023இல் அவற்றால் அரசுகளுக்குக் கிடைத்த வருவாய் 10,400 கோடி டாலர்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

மாசுபடுத்தும் உரிமைக்கு ஓர் அளவு வகுத்து அந்த உரிமையையே விற்பனைக்கு விடலாம் என்பதைக் கனடியப் பொருளியலாளர் ஜான் டேல்ஸ் 1968இலேயே, நீர் மாசைப் பற்றி எழுதும்போது முன்வைத்தார். அமெரிக்கா 1990இல் தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடுக்கு இம்முறையைக் கொண்டுவந்தது. 1995இல் நடைமுறைக்கு வந்த அத்திட்டம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த செலவில் பலன் தந்ததால், பசுங்குடில் வாயுக்களைக் குறைப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான கியோட்டோ நெறிமுறை 1997இல் பேசப்பட்டபோது அமெரிக்கத் தரப்பு அதையே முன்மாதிரியாக வலியுறுத்தியது. கியோட்டோவைப் பின்னர் அமெரிக்கா உறுதிசெய்யவே இல்லை. சந்தை மட்டும் மற்றவர்களிடம் தங்கிவிட்டது. ஆனால் கந்தகத்துக்கும் கார்பனுக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. கந்தகத்தைப் புகைபோக்கியிலேயே கருவி வைத்து அளந்தார்கள். வரம்புக்கு வெளியிலிருந்து வரும் கார்பன் கிரெடிட்டுக்கு அந்த வசதி இல்லை.

கியோட்டோ காலத்தின் 'தூய்மை வளர்ச்சி இயங்குமுறை' எப்படிப் போயிற்று?

வளர்ந்த நாடுகளுக்கு மட்டும் குறைப்புக் கடமை விதித்த கியோட்டோ நெறிமுறை, அவை வளரும் நாடுகளில் நடக்கும் திட்டங்களிலிருந்து கிரெடிட் வாங்கிக் கடமையின் ஒரு பகுதியை முடித்துக்கொள்ள இடம் தந்தது. முதல் திட்டம் 2004 நவம்பரில் பிரேசிலின் ஒரு குப்பைமேட்டில் பதிவானது. பின்னர் 7,800க்கும் மேற்பட்ட திட்டங்கள் பதிவாகி, 200 கோடிக்கு மேற்பட்ட கிரெடிட்டுகள் வழங்கப்பட்டன. திட்டங்களின் எண்ணிக்கையில் சீனாவும் இந்தியாவும் முன்னணியில் இருந்தன. காலநிலை மாற்றத்தின் பாதிப்பைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு உதவும் தழுவல் நிதிக்கு ஒவ்வொரு வழங்கலிலும் 2 விழுக்காடு ஒதுக்கப்பட்டதும், உமிழ்வை அளக்கவும் சரிபார்க்கவும் வல்ல ஒரு தொழில்வட்டம் பல நாடுகளில் உருவானதும் இதன் நன்மைகள்.

தீமையை எச்எஃப்சி-23 என்ற வாயுவின் கதை நன்றாகக் காட்டும். குளிர்பதனப் பொருளான எச்சிஎஃப்சி-22ஐத் தயாரிக்கும்போது உடன் பிறக்கும் கழிவு இது. இதில் ஒரு டன், 11,700 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக அன்றைய விதிகளில் கணக்கிடப்பட்டது. ஆகவே ஓர் எரிகலனை நிறுவி ஒரு டன் கழிவை எரித்தால் 11,700 கிரெடிட் கிடைக்கும். 2007இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, இந்த வாயுவை எரிக்கத் தேவையான மொத்தச் செலவு 10 கோடி யூரோவுக்கும் குறைவு. அதற்காக வழங்கப்படவிருந்த கிரெடிட்டுகளின் மதிப்போ 470 கோடி யூரோ. சில ஆலைகளுக்கு முதன்மைப் பொருளைவிடக் கழிவே கூடுதல் வருமானம் தந்தது. கழிவுக்காக உற்பத்தியைக் கூட்டினார்கள் என்ற ஐயமும் எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இந்தக் கிரெடிட்டுகளைத் தன் சந்தையில் தடை செய்தது.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. ஓசோன் படலத்தைக் காப்பதற்கான மாண்ட்ரியல் நெறிமுறைக்கு 2016இல் செய்யப்பட்ட கிகாலி திருத்தம், எச்எஃப்சி-23ஐ இயன்றவரை அழித்துவிட வேண்டும் என்பதை நாடுகளின் கடமையாகவே ஆக்கியது. சந்தை பல நூறு கோடி கொடுத்து வாங்கியதை ஒரு விதி எரிகலன் செலவோடு முடித்துவிட்டது. எந்தக் குறைப்புக்குச் சந்தை தேவை, எதற்கு நேரடிக் கட்டுப்பாடே போதும் என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு இல்லை என்றே எண்ணுகிறேன்.

2008இல் 20 யூரோவைத் தாண்டிய இந்தக் கிரெடிட்டின் விலை, ஐரோப்பியப் பொருளாதார நெருக்கடியும் மிகை வழங்கலும் சேர்ந்து 2012 முடிவதற்குள் ஒரு யூரோவுக்கும் கீழே போயிற்று. அந்த விலையை நம்பி முதலீடு செய்த நேர்மையான திட்டங்களும் அதோடு சேர்ந்து அடிவாங்கின.

'கூடுதல் தன்மை' என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

கிரெடிட் விற்ற பணம் இல்லாவிட்டால் அந்தக் குறைப்பு நடந்திருக்காது என்பதே கூடுதல் தன்மை. எப்படியும் கட்டப்பட்டிருக்கும் ஒரு காற்றாலைக்குக் கிரெடிட் கொடுத்தால், அது உரிமையாளருக்குக் கிடைத்த வெகுமதியே தவிர உமிழ்வுக் குறைப்பு அன்று. அதை வாங்கியவர் தம் உமிழ்வை ஈடுசெய்துவிட்டதாகச் சொல்வதும் பொருளற்றதாகிவிடும்.

இதை நிரூபிக்க, கிரெடிட் வருமானம் இல்லாமல் திட்டம் நட்டத்தில் ஓடும் என்று முதலீட்டுக் கணக்குக் காட்டுவது வழக்கம். கணக்கைத் தயாரிப்பவர் திட்ட உரிமையாளர். அதைச் சரிபார்க்கும் தணிக்கை நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பவரும் அவரே. நட்டம் காட்ட வேண்டிய இடத்தில் நட்டம் காட்டுவது கணக்காளர்களுக்குக் கடினமான வித்தை இல்லை. ஐரோப்பிய ஆணையத்துக்காக ஜெர்மனியின் ஓகோ நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வு, தூய்மை வளர்ச்சித் திட்டங்களில் 85 விழுக்காட்டுக்குக் கூடுதல் தன்மை இருக்க வாய்ப்புக் குறைவு என்று கண்டது. இந்தியக் காற்றாலைகளை மட்டும் ஆராய்ந்த மற்றொரு குழு, அங்கீகரிக்கப்பட்ட கிரெடிட்டுகளில் குறைந்தது 52 விழுக்காடு எப்படியும் கட்டப்பட்டிருக்கும் ஆலைகளுக்கே சென்றதாக மதிப்பிட்டது. அந்த ஆலைகள் மின்சாரம் தரவில்லை என்பது இதன் பொருள் அன்று. தந்தன, ஆனால் கிரெடிட் அதற்குக் காரணம் அன்று.

சூரிய, காற்றாலை மின்சாரம் பல நாடுகளில் நிலக்கரியைவிட மலிவாகிவிட்ட பின் இக்கேள்வி இன்னும் கூர்மையடைந்தது. தன்னார்வச் சந்தைக்குத் தரம் வகுக்கும் நேர்மை மன்றம், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான அப்போதைய கணக்கீட்டு முறைகளுக்குத் தன் முத்திரை கிடையாது என்று 2024 ஆகஸ்டில் அறிவித்தது. சந்தையில் கழிக்கப்படாமல் கிடந்த கிரெடிட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த முறைகளில் பிறந்தவை.

காடுகளைக் காத்ததற்குத் தரப்படும் கிரெடிட் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

'ரெட் பிளஸ்' எனப்படும் இவ்வகைத் திட்டங்களில், பாதுகாப்பு இல்லாவிட்டால் அந்தக் காட்டில் ஆண்டுக்கு எத்தனை ஏக்கர் அழிந்திருக்கும் என்று முதலில் ஓர் அடிப்படை அளவு வகுக்கப்படும். உண்மையில் அழிந்தது அதைவிடக் குறைவு என்றால் வித்தியாசம் கிரெடிட்டாகும். அழிவு வேகத்தை எவ்வளவு கூட்டிக் கணித்தால் அவ்வளவு கிரெடிட் பெருகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

'சயன்ஸ்' இதழில் 2023இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறு நாடுகளின் 26 திட்டங்களை, அவற்றை ஒத்த ஆனால் திட்டம் இல்லாத காடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. கணக்கிட முடிந்த 18 திட்டங்கள் எதிர்பார்த்திருந்த 8.9 கோடி கிரெடிட்டுகளில் 54 லட்சத்துக்கு மட்டுமே, அதாவது ஏறத்தாழ 6 விழுக்காட்டுக்கு மட்டுமே, உண்மையான கூடுதல் குறைப்பு இருந்தது. அதே ஆண்டு ஜனவரியில் பிரிட்டனின் 'கார்டியன்', ஜெர்மனியின் 'டி சைட்' முதலிய ஊடகங்கள் கூட்டாகச் செய்த புலனாய்வும் இதையொத்த முடிவை வெளியிட்டு, சந்தையின் மிகப் பெரிய பதிவு அமைப்பான வெர்ராவை உலுக்கியது. ஆய்வு முறையில் குறை இருப்பதாக வெர்ரா மறுத்தது. எனினும் தன் காட்டுக் கணக்கீட்டு முறையை மாற்றியமைத்தது. திட்ட உரிமையாளரே அடிப்படை அளவைத் தேர்ந்தெடுக்கும் பழைய வழக்கத்துக்குப் பதிலாக, அந்தப் பகுதி முழுமைக்கும் பொதுவான செயற்கைக்கோள் தரவிலிருந்து அளவைப் பெறுவது புதிய முறையின் உள்ளடக்கம். இது சரியான திசை.

காட்டை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. விறகைக் குறைக்கும் அடுப்புகளை வீடுகளுக்கு வழங்கும் திட்டங்கள் ஏறத்தாழ ஒன்பது மடங்கு மிகையாகக் கிரெடிட் பெற்றதாக 2024 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வு கண்டது. புதிய அடுப்பு வீட்டுக்கு வந்தால் பழையதை மூட்டையில் கட்டிவிடுவார்கள் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் இரண்டும் எரியும்.

கிரெடிட் கொடுத்த காடு பின்னர் எரிந்துபோனால் என்ன ஆகும்?

நிலக்கரியை எரித்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி பல்லாயிரம் ஆண்டுகள் காற்றில் தங்கும். மரத்தில் தங்கிய கார்பனோ ஒரு தீயில், ஒரு பூச்சித் தாக்குதலில், ஓர் ஆட்சி மாற்றத்தில் வெளியேறிவிடலாம். இதை ஈடுகட்ட ஒவ்வொரு காட்டுத் திட்டமும் தன் கிரெடிட்டில் ஒரு பங்கைப் பொதுக் காப்புக் கணக்கில் போட வேண்டும். இழப்பு நேர்ந்தால் அதிலிருந்து கழிக்கப்படும்.

காப்பீடு போன்றதுதான், ஆனால் தவணைத் தொகை பழைய உலகின் ஆபத்தை வைத்துக் கணிக்கப்பட்டது. கலிஃபோர்னியத் திட்டத்தில் காட்டுத்தீக்கென நூறாண்டுகளுக்கு ஒதுக்கிய காப்பில் 95 விழுக்காடு அளவுக்குப் பத்தாண்டுகளுக்குள்ளாகவே எரிந்துவிட்டதாக 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆரிகன் மாநிலத்தில் 2021இல் மூண்ட பூட்லெக் தீ, கிரெடிட் விற்றிருந்த காட்டின் ஒரு பகுதியில் பரவியது. வெப்பநிலை உயர உயரத் தீயின் ஆபத்தும் உயரும் என்பதால், காலநிலை மாற்றத்துக்கு மருந்தாக விற்கப்பட்ட பொருளையே காலநிலை மாற்றம் அரித்துவிடுகிறது.

பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு என்ன சொல்கிறது?

கியோட்டோவுக்கும் பாரிஸுக்கும் இடையே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. 2015இல் ஏற்கப்பட்ட பாரிஸ் ஒப்பந்தத்தில் ஏறத்தாழ எல்லா நாடுகளுக்கும் சொந்த இலக்கு உண்டு. எனவே கிரெடிட் விற்கும் நாட்டுக்கும் அந்தக் குறைப்பு தேவைப்படுகிறது.

6ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, இரு நாடுகள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு குறைப்பைக் கைமாற்ற வழி செய்கிறது. நான்காம் உட்பிரிவு, ஐக்கிய நாடுகள் அவையின் மேற்பார்வையில் தூய்மை வளர்ச்சி இயங்குமுறைக்கு வாரிசாக ஒரு பொதுச் சந்தையை அமைக்கிறது. இதில் வழங்கப்படும் கிரெடிட்டில் 5 விழுக்காடு தழுவல் நிதிக்குப் போகும். மேலும் 2 விழுக்காடு யாருக்கும் பயன்படாமல் நீக்கப்படும். நீக்கப்படும் அந்த 2 விழுக்காடுதான் புதுமை: சந்தை குறைப்பை இடம் மாற்றுவதோடு நில்லாமல், சிறிதளவேனும் மொத்த உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் முதன்முறையாக விதியில் ஏறியது. சந்தை சாராத ஒத்துழைப்பைப் பேசும் எட்டாம் உட்பிரிவும் உண்டு. அதில் இதுவரை பேச்சே மிகுதி.

விதிகளை எழுதி முடிக்க ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. 2019இல் மாட்ரிட் காலநிலை மாநாடு இதில் முடிவு காணாமல் கலைந்தது. 2021இல் கிளாஸ்கோவில் அடிப்படை விதிகள் ஏற்கப்பட்டன; எஞ்சியவை 2024 நவம்பரில் அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் முடிந்தன. 2013 முதல் பதிவான கியோட்டோ காலத் திட்டங்களின் பழைய கிரெடிட்டுகளை நாடுகள் தம் முதல் இலக்குக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது கிளாஸ்கோவில் செய்யப்பட்ட சமரசம். அது நல்ல சமரசம் அன்று.

ஒரே குறைப்பை இரு நாடுகளும் தம் கணக்கில் எழுதிக்கொள்ள முடியுமா?

முடியக் கூடாது என்பதற்காகவே 'ஒத்திசைவுத் திருத்தம்' என்ற விதி வந்தது. ஒரு நாடு ஒரு லட்சம் டன் குறைப்பை விற்றால், தன் உமிழ்வுக் கணக்கில் ஒரு லட்சம் டன்னைக் கூட்டி எழுத வேண்டும். வாங்கிய நாடு அதே அளவைக் கழித்துக்கொள்ளும். வரவுக்கு ஒரு பற்று என்ற பேரேட்டு இலக்கணம்தான் இது.

நடந்த முதல் பரிமாற்றம் சிறியது, ஆனால் விளக்கமானது. பாங்காக் நகரில் டீசல் பேருந்துகளுக்குப் பதிலாக மின்பேருந்துகளை ஓட்டியதால் குறைந்த உமிழ்வை தாய்லாந்து சுவிட்சர்லாந்துக்குக் கைமாற்றியது 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அளவு 1,916 டன். தாய்லாந்து அந்த 1,916 டன்னைத் தன் இலக்கில் காட்ட முடியாது. விற்கும் நாடுகள் இதில் எச்சரிக்கையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எளிதில் எட்டக்கூடிய மலிவான குறைப்புகளை இன்று விற்றுவிட்டால், நாளை தம் இலக்குக்கு எஞ்சுவது கைக்கெட்டாத விலையுள்ள குறைப்புகள் மட்டுமே.

இந்தக் கிரெடிட்டுகளை யார் வாங்குகிறார்கள்?

நாடுகளில் சுவிட்சர்லாந்தும் ஜப்பானும் முனைப்பானவை. ஜப்பான் 2013 முதலே மங்கோலியாவில் தொடங்கிப் பல நாடுகளோடு கூட்டுக் கிரெடிட் முறையை நடத்துகிறது. சிங்கப்பூர், தன் கார்பன் வரி செலுத்தும் நிறுவனங்கள் வரிக்குட்பட்ட உமிழ்வில் 5 விழுக்காடு வரை சர்வதேசக் கிரெடிட்டால் ஈடுசெய்ய அனுமதிக்கிறது. 2020க்குப் பின் வெளிநாட்டுக் கிரெடிட்டுகளுக்குக் கதவடைத்த ஐரோப்பிய ஒன்றியத்திலும் மனமாற்றம் தெரிகிறது: 2040 இலக்கில் ஒரு சிறு பங்கை 2036 முதல் வெளிநாட்டுக் கிரெடிட்டால் நிறைவேற்றலாம் என்ற யோசனையை அதன் ஆணையம் 2025 ஜூலையில் முன்வைத்தது.

சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு 'கோர்சியா' என்ற தனி ஏற்பாடு உள்ளது. சர்வதேசக் குடிமை வானூர்தி அமைப்பு 2016இல் ஏற்ற இதன்படி, விமான நிறுவனங்கள் 2019 உமிழ்வின் 85 விழுக்காட்டுக்கு மேல் செல்லும் வளர்ச்சியைக் கிரெடிட்டால் ஈடுசெய்ய வேண்டும். 2024 முதல் 2026 வரை நாடுகளின் விருப்பத்தின் பேரில் நடக்கும் கட்டம். 2027 முதல் பெரும்பாலான நாடுகளுக்குக் கட்டாயம்.

எஞ்சியது, எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல் நிறுவனங்கள் வாங்கும் தன்னார்வச் சந்தை. 2021இல் ஏறத்தாழ 200 கோடி டாலர் அளவுக்கு வளர்ந்த அது, மேலே சொன்ன புலனாய்வுகளுக்குப் பின் 2023இல் சுமார் 72 கோடி டாலராகச் சுருங்கியது.

ஒரு டன் ஒரு டன்தானே? விலை ஏன் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது?

பழைய காற்றாலைக் கிரெடிட் ஒன்று ஓரிரு டாலருக்குக் கிடைக்கும். காற்றிலிருந்து கார்பனை நேரடியாக உறிஞ்சி, ஐஸ்லாந்தில் நடப்பதுபோல் பாறைக்குள் செலுத்திக் கல்லாக்கும் முறைக்கு டன்னுக்குப் பல நூறு டாலர் ஆகும். முன்னது, திட்டம் இல்லாவிட்டால் நடந்திருக்கும் என்று ஊகிக்கப்படும் ஓர் உமிழ்வு. பின்னது அளந்து, புதைத்து, திரும்பி வராது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு பொருள். பதிவேட்டில் இரண்டும் ஒரே டன்னாகத் தெரிவதுதான் வினோதம். விலை வேறுபாடு என்பது சந்தை தன் வாயால் சொல்லாத உண்மையைத் தன் கையால் எழுதிக் காட்டுவது.

கிரெடிட் விற்ற பணம் காட்டைக் காக்கும் மக்களுக்குப் போய்ச் சேர்கிறதா?

திட்டத்துக்குத் திட்டம் வேறுபடுகிறது. தென் அமெரிக்காவின் கயானா, தன் காடு முழுமைக்கும் நாடளவிலான கிரெடிட் பெற்று, 2022 டிசம்பரில் ஓர் அமெரிக்க எண்ணெய் நிறுவனத்துக்குக் குறைந்தது 75 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் செய்தது. வருவாயில் 15 விழுக்காடு பழங்குடிக் கிராமங்களுக்கு ஒதுக்கப்பட்டது. பணம் கிராமங்களுக்குச் சென்றது. எனினும் தம் நிலத்தின் கார்பனை விற்கும் முன் தம்மிடம் முறையாக ஒப்புதல் பெறவில்லை என்று அங்குள்ள பழங்குடி அமைப்பொன்று சான்றளித்த நிறுவனத்திடம் முறையிட்டது. வாங்கியது எண்ணெய் நிறுவனம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பொதுவாக, இடைத்தரகர் எத்தனை பேர், இறுதி விலையில் எவ்வளவு களத்துக்குச் சென்றது என்ற விவரம் வெளியிடப்படும் திட்டங்கள் குறைவு. நில உரிமை எழுத்தில் இல்லாத மக்களுக்குக் கார்பன் உரிமையும் எழுத்தில் இருக்காது.

சந்தையில் நேரடி மோசடிகள் நடந்துள்ளனவா?

ஆம். ஐரோப்பியச் சந்தையில் 2008, 2009 ஆண்டுகளில் எல்லை தாண்டி அனுமதிகளை வாங்கி, உள்நாட்டில் மதிப்புக்கூட்டு வரி சேர்த்து விற்று, வரியைச் செலுத்தாமல் மறைந்த கும்பல்களால் அரசுகளுக்கு ஏறத்தாழ 500 கோடி யூரோ இழப்பு என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் மதிப்பிட்டது. 2011 ஜனவரியில் செக் குடியரசின் பதிவேட்டிலிருந்து அனுமதிகள் திருடப்பட்டதால் உடனடி வணிகமே நிறுத்தப்பட்டது. இவை காவல்துறை பிடிக்கக்கூடிய குற்றங்கள். பிறகு விதிகளும் இறுக்கப்பட்டன. சட்டத்துக்கு உட்பட்டே ஊதிப் பெருக்கப்படும் அடிப்படை அளவுதான் பிடிபடாதது.

'கார்பன் நடுநிலை' என்ற விளம்பரத்தை நம்பலாமா?

பெரும்பாலும் அதன் பொருள், நிறுவனம் தன் உமிழ்வைக் கணக்கிட்டு அதே எண்ணிக்கையில் கிரெடிட் வாங்கியது என்பதே. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய நுகர்வோர் சட்டம், ஈடுசெய்தலை மட்டும் வைத்து ஒரு பொருளைக் கார்பன் நடுநிலையானது என்று விளம்பரப்படுத்துவதை 2026 செப்டம்பர் முதல் தடை செய்கிறது. பத்து டன்னைத் தன் ஆலையிலேயே குறைத்த நிறுவனமும், பத்துக் கிரெடிட்டை மலிவாக வாங்கிய நிறுவனமும் ஒரே பட்டத்தைச் சூடிக்கொள்ள முடிந்ததே அப்பட்டத்தின் குறை.

அப்படியென்றால் காலநிலை நடவடிக்கையில் இச்சந்தைக்கு இடமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் இப்போது சொல்லப்படும் இடம் அன்று. உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி டன்னுக்கு மேல் பசுங்குடில் வாயுக்களை வெளியிடுகிறது. தன்னார்வச் சந்தையில் ஆண்டுதோறும் கழிக்கப்படும் கிரெடிட்டுகள் 20 கோடி டன்னைக்கூட எட்டுவதில்லை. அவையனைத்தும் உண்மையானவை என்று வைத்துக்கொண்டாலும் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஏறத்தாழ 100 கோடி டன் கிரெடிட்டுகளை அலசி 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் 2024இல் வெளியான தொகுப்பாய்வு, உண்மையான குறைப்பு 16 விழுக்காட்டுக்கும் கீழ் என்று கண்டது.

வேறு வழியில் பணம் வராத வேலைகள் சில உண்டு. கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறுகளை அடைப்பது, குப்பைமேட்டு மீத்தேனைப் பிடிப்பது, எந்த அரசும் இன்று முழு விலை கொடுக்கத் தயங்கும் நீண்டகாலக் கார்பன் நீக்கம் ஆகியவை அவ்வகை. இவற்றில் அளவீடு ஓரளவு நேரடியானது. கிரெடிட் பணம் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்பதும் எளிதில் விளங்கும். சிமெண்ட், நெடுந்தூர விமானம் போன்று இன்றைய தொழில்நுட்பத்தால் முழுமையாகத் துடைக்க முடியாத உமிழ்வுக்கு எதிராக வைக்கும்போது இவற்றுக்கு ஒரு நியாயம் உண்டு. நிலக்கரி ஆலையை இன்னும் பத்தாண்டு ஓட்டுவதற்கான அனுமதியாக வாங்கும்போது இல்லை.

ஒரு நிறுவனம் கிரெடிட் வாங்கியே ஆக வேண்டும் என்றால் எதைப் பார்க்க வேண்டும்?

விலையைக் கேட்கும் முன் திட்ட ஆவணத்தில் அடிப்படை அளவு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற பக்கத்தைத் திறக்க வேண்டும். அதை எழுதியவர் விற்பவராக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகத் தேவை இல்லை. திட்டம் எந்த ஆண்டில் தொடங்கியது, கிரெடிட் பணம் அதன் வருமானத்தில் எத்தனை பங்கு என்பதைக் கேட்கலாம். நூற்றில் இரண்டு பங்கு என்றால் அந்தப் பணம் இல்லாமலும் திட்டம் நடந்திருக்கும். விற்கும் நாடு ஒத்திசைவுத் திருத்தத்துக்கு எழுத்தில் இசைந்ததா என்பதையும், கார்பன் மீண்டும் வெளியேறினால் பொறுப்பு யாருடையது, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வாங்கிய பின் பதிவேட்டைத் திறந்து, தம் வரிசை எண்கள் தம் பெயரிலேயே கழிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும். பெரிய பதிவேடுகள் யாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்தே இருக்கின்றன.